குறைந்த விலைக்குப் போன டெண்டரில் பள்ளிக் கட்டடம் நிற்குமா?

ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி ஒன்றின் மேலாண்மைக் குழுத் தலைவியாக இருக்கும் அம்மா ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் பள்ளிக்கு நான்கு வகுப்பறைக் கட்டடம் அனுமதியாகியிருக்கிறது. எஸ்டிமேட்டைவிட 12 சதவீதம் லெஸ் போட்டு ஒருவர் டெண்டர் எடுத்திருக்கிறாராம். 'இவ்வளவு குறைச்சு எடுத்தவன் எதை வெச்சுக் கட்டுவான், கட்டடம் நிக்காது' என்று ஊரில் பேசுகிறார்கள். எனக்கு இன்ஜினியரிங் தெரியாது. டெண்டரை ரத்து செய்யச் சொல்லி மனுக் கொடுக்கலாமா? வேறு என்ன செய்ய முடியும்?"

அம்மா, ரத்து மனு வேண்டாம். அரசுக் கட்டடப் பணிகளில் பொறியாளராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். 12 சதவீதம் லெஸ் என்ற ஒன்றை மட்டும் வைத்துக் கட்டடத்தின் தரத்தைச் சொல்ல முடியாது. உங்கள் குழு கவலைப்பட வேண்டிய இடம் வேறு, கவலைப்பட வேண்டிய நாளும் வேறு.

முதலில் டெண்டர். தமிழ்நாட்டில் அரசுப் பணம் செலவாகும் கட்டட வேலைகள் 1998ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டத்துக்கும் அதன் கீழ் வந்த 2000ஆம் ஆண்டு விதிகளுக்கும் உட்பட்டவை. விளம்பரம் கொடுத்து, 2 கோடி ரூபாய் வரையுள்ள வேலைக்குக் குறைந்தது 15 நாளும் அதற்கு மேற்பட்ட வேலைக்கு 30 நாளும் அவகாசம் தர வேண்டும். தகுதி உள்ளவர்களில் யார் விலை குறைவோ அவருக்குத்தான் வேலை. "தகுதி உள்ளவர்களில்" என்பது முக்கியம். பதிவு வகுப்பு, இதற்கு முன் முடித்த வேலைகள், முன்வைப்புத் தொகை எல்லாம் பார்த்த பிறகுதான் விலைக்கு வருகிறார்கள். மிகக் குறைத்துக் கேட்டவரிடம் கூடுதல் காப்புத்தொகை வாங்கிக்கொண்டு ஒப்பந்தம் போடும் நடைமுறையும் இருக்கிறது. எடுத்தவர் அதைக் கட்டியிருக்கிறாரா என்று வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் கேளுங்கள். கேட்க வேண்டிய நியாயமான கேள்வி அது.

ஒருவரால் எப்படிக் குறைத்துக் கேட்க முடிகிறது? எஸ்டிமேட் பொதுப்பணித் துறையின் விலை விகிதப் பட்டியலை வைத்துப் போடுவது. சொந்தமாகச் சென்ட்ரிங் பலகையும் ஜாக்கியும் மிக்சரும் வைத்திருப்பவருக்கு அந்த வாடகை மிச்சம். பக்கத்து ஊரிலேயே இன்னொரு வேலை நடந்தால் மேஸ்திரி, ஆட்கள், லாரி எல்லாம் பொது. குவாரியில் நேரடிக் கொள்முதல் இருந்தால் ஜல்லியிலும் எம்-சாண்டிலும் மிச்சம். இவை நேர்மையான மிச்சங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். உண்மையான போட்டி இருந்த டெண்டர் பெரும்பாலும் எஸ்டிமேட்டுக்குக் கீழேதான் போகும். மூன்று பேர் போட்டு, மூவருமே எஸ்டிமேட்டுக்குச் சற்று மேலே நின்று, அதில் ஒருவர் ஐந்தாயிரம் ரூபாய் வித்தியாசத்தில் ஜெயிக்கிறார் என்றால் எனக்கு அந்த டெண்டரில்தான் சந்தேகம் அதிகம். யார் எடுப்பது என்று முன்பே பேசி முடித்தவர், தரத்துக்காக அந்தக் கூடுதல் பணத்தைச் செலவழிக்கப் போவதில்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு. ஒட்டுமொத்த எஸ்டிமேட்டுக்கும் ஒரே சதவீதம் குறைக்காமல், ஒவ்வொரு இனத்துக்கும் தனித்தனி விலை போடும் டெண்டராக இருந்தால் விலைப்பட்டியலைப் பாருங்கள். மண் தோண்டுவதற்கும் அஸ்திவாரத்துக்கும் விலையை ஏற்றி, பூச்சு, தரை, கதவு, மின்சாரம் ஆகியவற்றுக்கு ஆகாத விலை போட்டிருந்தால், அவர் முதல் இரண்டு பில்லில் லாபத்தை எடுத்துக்கொண்டு கடைசி வேலைகளை இழுத்தடிக்கத் திட்டமிடுகிறார் என்று அர்த்தம். ஜன்னல் வைக்காமல் வருடக்கணக்கில் நிற்கும் கட்டடங்களில் சிலவற்றின் கதை இதுதான்.

டெண்டருக்கு முன்பே ஒரு கட்டடம் கெட்டுப்போகக்கூடிய இடம் மண். பள்ளிக் கட்டடங்களுக்கு மாதிரி வரைபடம் ஒன்று இருக்கும். 2022-23 பட்ஜெட்டில் அறிவித்த பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தில் 5 ஆண்டுகளில் 7,000 கோடி ரூபாயில் 18,000 வகுப்பறைகள் என்பது இலக்கு. அத்தனைக்கும் தனித்தனியாகப் படம் வரைந்துகொண்டிருக்க முடியாது, மாதிரி வரைபடம் வேண்டியதுதான். ஆனால் மாதிரி வரைபடத்துக்கு மண் தெரியாது. கோவில்பட்டி, அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கரிசல் மழையில் உப்பி வெயிலில் வெடிக்கும். அங்கே சாதாரண ஆழத்து அஸ்திவாரம் போட்டால் இரண்டே வருடத்தில் சுவரில் மூலைவாட்டில் விரிசல் ஓடும். அடியில் குமிழ் போல விரித்த பைல், அதாவது மண்ணுக்குள் ஆழமாக இறங்கும் காங்கிரீட் தூண், போட வேண்டும், அதுவும் ஆழமான கரிசலில் குறைந்தது மூன்றரை மீட்டர் ஆழத்துக்கு. அதேபோலக் கடலோர ஊரில் உப்புக் காற்று கம்பியைத் தின்றுவிடும். உள்நாட்டில் எம் 20 போதும் என்ற இடத்தில் கடற்கரையில் எம் 30 காங்கிரீட் கேட்கிறது, காங்கிரீட் வேலைக்கான இந்தியத் தர நிர்ணயம் 456. எம் என்பதற்குப் பின்னால் வரும் எண் கூடக் கூடக் காங்கிரீட்டின் பலம் கூடுதல் என்று அர்த்தம். இதையெல்லாம் எஸ்டிமேட் போடும்போதே சேர்க்காவிட்டால், ஒப்பந்ததாரர் தோண்டிப் பார்த்துவிட்டு "இது என் கணக்கில் இல்லை" என்பார். கூடுதல் தொகைக்குத் திரும்பவும் அனுமதி வாங்கிவர மாதங்கள் ஆகும். இல்லையென்றால், படத்தில் உள்ளபடியே போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். உங்கள் ஊர் மண் எது, அங்கே மண் பரிசோதனை நடந்ததா என்று இன்றைக்கே கேளுங்கள். அஸ்திவாரம் தோண்டிய பிறகு கேட்டால் பதில் வேறு மாதிரி வரும்.

இப்போது விஷயத்தின் மையத்துக்கு வருகிறேன். ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரத்துக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். பள்ளிக் கட்டட மேற்பார்வை பற்றி நான் அறிந்ததில் இதைவிடத் தெளிவான சாட்சியம் இல்லை.

2016 ஜனவரி 29. கெர்ட்ரூட் என்று பெயரிட்ட புயல் அடித்துக்கொண்டிருந்தது. ஆக்ஸ்காங்ஸ் தொடக்கப் பள்ளியில் ஏறக்குறைய 9 டன் எடையுள்ள வெளிச்சுவர் பெயர்ந்து கீழே விழுந்தது. அதிகாலை என்பதால் குழந்தைகள் யாரும் இல்லை. ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் தள்ளி விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை. பழைய கட்டடம் அல்ல அது, பத்துப் பன்னிரண்டு வருடக் கட்டடம். அதே ஒப்பந்தத்தில் கட்டிய மற்றப் பள்ளிகளைத் திறந்து பார்க்க, ஏப்ரலில் மொத்தம் 17 பள்ளிகளை மூட வேண்டி வந்தது. ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு வேறு இடம் தேட வேண்டியிருந்தது.

அங்கே சுவர் இரட்டைச் சுவர். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று, நடுவில் இடைவெளி. இரண்டையும் கோர்த்துப் பிடிக்கச் சின்னச் சின்ன உலோகப் பிடிப்புக் கம்பிகளைக் கலவையில் பதிக்க வேண்டும். ஒவ்வொரு பக்கமும் குறைந்தது 50 மில்லிமீட்டர் உள்ளே போக வேண்டும் என்பது கணக்கு. ஜான் கோல் என்ற கட்டடக் கலைஞர் விசாரித்து 2017 பிப்ரவரியில் அறிக்கை கொடுத்தார். வெளிச்சுவரில் பல கம்பிகள் அந்த 50 மில்லிமீட்டர் போகவில்லை என்பது அதன் முக்கியமான கண்டுபிடிப்பு. வடிவமைப்பைப் பெரிய குற்றவாளியாக அவர் காட்டவில்லை. வேலையின் தரமும் மேற்பார்வையின் தரமும்தான் காரணம் என்றார். தனியார் முதலீட்டில் கட்டி, பராமரித்து, நகரசபை ஆண்டுதோறும் பணம் கொடுக்கும் ஏற்பாடு அது. அந்த ஏற்பாடே சுவரைத் தள்ளிவிட்டது என்று அவர் எழுதவில்லை. கட்டியவரே "சரியாகக் கட்டினேன்" என்று சான்று கொடுக்க, பணம் கொடுத்த நகரசபை தன் சார்பில் தனியாக ஒரு கண்காணிப்பாளரைத் தளத்தில் நிறுத்தாமல் விட்டதைத்தான் அழுத்திச் சொன்னார்.

பணக்கார நாடு, தேர்ந்த நிறுவனங்கள், அடுக்கடுக்கான ஒப்பந்த ஆவணங்கள், வழக்கறிஞர்கள். அத்தனையும் இருந்தும், மேல் வரிசைச் செங்கல் மூடுவதற்கு முன் குனிந்து அந்தக் கம்பி எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்று பார்க்க ஒரு ஆள் இல்லை. வேலையில் மூடப்படும் பகுதிகளை நாங்கள் மறைபணி என்போம். பள்ளிக் கட்டடங்கள் டெண்டர் அறையில் கெடுவதைவிட மறைபணியில்தான் அதிகம் கெடுகின்றன. 12 சதவீதம் லெஸ் எடுத்தவரும் சரி, 5 சதவீதம் கூடுதலாக எடுத்தவரும் சரி, யாரும் பார்க்காத மறைபணியில் மிச்சம் பிடிக்கும் வாய்ப்பு இருவருக்கும் ஒன்றுதான்.

நம் ஊர்க் கட்டடத்தில் அந்த இடங்கள் எவை? கூரை காங்கிரீட்டை எடுத்துக்கொள்வோம். தளக் கம்பி 6 அங்குலத்துக்கு ஒன்று என்று படத்தில் இருக்கும். 8 அங்குலத்துக்கு ஒன்று என்று கட்டினால் அந்தத் திசையில் கால்பங்குக் கம்பி மிச்சம். காங்கிரீட் விழுந்த அரை மணி நேரத்தில் அது யார் கண்ணுக்கும் தெரியாது. பிறகு கருவி வைத்துப் பார்க்கலாம், காங்கிரீட்டைத் துளைத்துக் கோர் என்னும் உருளைத் துண்டு எடுக்கலாம், ஆனால் அதற்குள் பில் போயிருக்கும், மேலே பூச்சும் வந்திருக்கும். எனவே காங்கிரீட் போடும் நாளுக்கு முந்தின நாள் மாலைதான் உங்கள் நாள். உங்கள் குழுவில் இரண்டு பேர், கையில் ஒரு டேப், உதவிப் பொறியாளர் கொடுத்த கம்பி விவரப் படம். ஒரு மீட்டர் நீளத்துக்குள் எத்தனை கம்பி என்று எண்ணிப் படத்தோடு ஒப்பிட்டால் போதும். இதற்கு இன்ஜினியரிங் படிப்பு தேவையில்லை.

அங்கே நிற்கும்போது வராந்தாவின் நீட்டலையும் சன்ஷேடையும் கட்டாயம் பாருங்கள். இதில் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பிள்ளைகள் மதிய இடைவேளையில் வந்து நிற்பது அதன் கீழேதான். இரண்டு பக்கமும் தாங்கல் உள்ள தளத்தில் முக்கியக் கம்பி அடியில் இருக்கும். சுவரிலிருந்து வெளியே நீளும் தளத்தில் அது மேலே இருக்க வேண்டும். காலையில் கம்பி கட்டுபவர் சரியாக மேலேதான் கட்டியிருப்பார். காங்கிரீட் போடும்போது சட்டி தூக்குபவர்கள் அந்தக் கம்பி மேலேயே நடப்பார்கள். மிதிபட்டு மிதிபட்டு அது அடிப்பலகைக்குப் போய்விடும். கம்பி எண்ணிக்கை சரி, சிமெண்ட் சரி, பில் சரி, ஆனால் அந்த நீட்டலுக்குப் பலம் இல்லை. மேல்கம்பி கீழே இறங்காமல் தாங்க இடையில் வளைத்து வைக்கும் சேர் கம்பிகள் இருக்கின்றனவா, ஆட்கள் நடக்கத் தனியாகப் பலகை போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். போட்டுக்கொண்டிருக்கும்போதும் ஒருவர் அங்கே நின்று "மிதிக்காதீங்க, பலகை மேல போங்க" என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். எந்த ஒப்பந்தப் பிரிவும் செய்யாத வேலையை அந்தக் குரல் செய்யும்.

அன்றைக்கே கவனிக்க வேண்டியது தண்ணீர். 50 கிலோ மூட்டை ஒன்றுக்கு, எம் 20 காங்கிரீட்டில், மணலின் ஈரத்தையும் சேர்த்து 27 லிட்டருக்கு மேல் போகக் கூடாது. குழைவாக ஓடினால் ஆட்களுக்குச் சுலபம் என்று ஒரு குடம் சேர்த்து ஊற்றுவது எல்லா ஊரிலும் நடக்கிறது. அந்த ஒரு குடம் காங்கிரீட்டின் பலத்தைப் பெரிய அளவில் குறைத்துவிடும். தண்ணீரை அளந்து ஊற்றச் சொல்லுங்கள். சிமெண்ட் மூட்டையில் எந்த வருடம், எந்த வாரம் தயாரித்தது என்று அச்சிட்டிருக்கும். மூன்று மாதம் தாண்டியதாக இருந்தால் பரிசோதித்த பிறகே பயன்படுத்தலாம். 16 முதல் 30 கன மீட்டர் வரை காங்கிரீட் போடும் நாளில் 3 மாதிரிகள் எடுக்க வேண்டும், ஒரு மாதிரிக்கு 15 சென்டிமீட்டர் கனச் சதுரக் கட்டி மூன்று. நான்கு வகுப்பறைக் கூரை பெரும்பாலும் இந்த அளவில்தான் வரும். கட்டிகளை உங்கள் கண் முன்னே எடுத்து, அவற்றின் மேல் தேதியோடு குழு உறுப்பினர் ஒருவரும் கையெழுத்துப் போட்டுவிடுவது நல்லது. கையெழுத்துப் போட்ட கட்டிக்குப் பதில் வேறு கட்டி பரிசோதனைக்குப் போகாது.

அதன் பிறகு நீராற்றுவது. இன்றைக்குச் சந்தையில் கிடைக்கும் சிமெண்ட்டில் பெரும்பகுதி பி.பி.சி. என்னும், நிலக்கரிச் சாம்பல் போன்றவை கலந்த வகை. அதற்குக் குறைந்தது 10 நாள் தளத்தில் தண்ணீர் நிற்க வேண்டும். 14 நாள் நிறுத்தினால் இன்னும் நல்லது. மே மாதத்தில் பள்ளிக் கிணறு வற்றிய ஊர்களில் இது சொல்வது போல் எளிதல்ல. தண்ணீருக்கு என்ன ஏற்பாடு என்று கூரை போடும் முன்பே ஒப்பந்ததாரரிடம் பேசிவிடுங்கள், பிறகு சண்டை போட்டுப் பயனில்லை. முட்டு பிரிப்பதற்கும் கணக்கு உண்டு. 4.5 மீட்டர் வரை அகலமுள்ள தளத்துக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள். உத்தரம் 6 மீட்டர் வரை 14 நாள், அதற்கு மேல் 21 நாள். இவை சாதாரண சிமெண்ட்டுக்கான குறைந்தபட்சம். பி.பி.சி. என்றால் எப்போது பிரிக்கலாம் என்று உதவிப் பொறியாளரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்த தளத்துக்குப் பலகை தேவை என்று முன்கூட்டியே பிரிக்க வந்தால் தயங்காமல் தடுங்கள்.

இதையெல்லாம் உதவிப் பொறியாளர் பார்க்க மாட்டாரா என்று கேட்பீர்கள். பார்க்க வேண்டியவர் அவர்தான். ஆனால் ஒரு ஒன்றியத்தில் சாலை, பாலம், குடிநீர்த் தொட்டி, வீடுகள், அங்கன்வாடி என்று ஒரே நேரத்தில் அவர் தலையில் இருக்கும் வேலைகளை நான் நேரில் அறிவேன். ஒரே காலையில் மூன்று ஊரில் காங்கிரீட் என்றால் அவர் எங்கே நிற்பார்? அவரை எதிரியாக நினைக்காதீர்கள். "கம்பி கட்டி முடிந்தது, நீங்கள் வந்து பார்த்து எழுதித் தந்த பிறகுதான் காங்கிரீட்" என்று உங்கள் குழு உறுதியாக நின்றால், நேர்மையான பொறியாளருக்கு அது பெரிய பலம். ஒப்பந்ததாரரிடம் அவர் தனியாகச் சொல்ல முடியாததை ஊரைக் காட்டிச் சொல்ல முடியும்.

உங்களுக்கு அந்த உரிமை இருக்கிறதா? இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 21ஆம் பிரிவில் மேலாண்மைக் குழுவை வைத்திருக்கிறது. நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பள்ளியின் செயல்பாட்டைக் கண்காணிப்பதும் அரசு தரும் நிதியின் பயன்பாட்டைக் கண்காணிப்பதும் அதன் பணிகளாகவே சட்டத்தில் எழுதப்பட்டிருக்கின்றன. வேலை தொடங்கும் முன் ஒரு கூட்டம் போட்டு, பணி ஆணை, எஸ்டிமேட், வரைபடம் ஆகியவற்றின் நகல் வேண்டும் என்றும், அஸ்திவாரம், கூரைக் கம்பி, காங்கிரீட் ஆகிய நாட்களுக்கு முன் குழுவுக்குத் தகவல் தர வேண்டும் என்றும் தீர்மானம் எழுதி, வட்டார வளர்ச்சி அலுவலருக்கு அனுப்பி ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். தீர்மானப் புத்தகத்தில் தேதியோடு எழுதிய நான்கு வரி, ஆயிரம் வாய்ச்சண்டையைவிடப் பெரியது. நகல் தர மறுத்தால் 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பலருக்குத் தெரியாத ஒன்று: அந்தச் சட்டத்தில் தகவல் உரிமை என்பது காகிதத்தோடு நிற்கவில்லை. நடக்கும் வேலையை நேரில் ஆய்வு செய்வதும், பொருட்களின் சான்றிட்ட மாதிரியைப் பெறுவதும் அதில் அடக்கம். எம்-புக் என்னும் அளவுப் புத்தகத்தின் நகலையும் கேட்கலாம். எந்தத் தேதியில் யார் அளந்தார், எவ்வளவு அளந்தார் என்பது அதில்தான் இருக்கும்.

ஒரு காலத்தில் ஒப்பந்ததாரரே இல்லாமல் ஊர்க் குழுக்கள் பள்ளி கட்டியிருக்கின்றன. 2000களின் தொடக்கத்தில் அனைவருக்கும் கல்வி இயக்கத்தில் கட்டட வேலையைக் கிராமக் கல்விக் குழுவே செய்ய வேண்டும் என்பது விதி. அன்று நல்ல கொத்தனாரும் அக்கறையுள்ள தலைமை ஆசிரியரும் அமைந்த ஊர்களில் எழுந்த வகுப்பறைகள் இன்றும் திடமாக நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அதே சமயம், சிமெண்ட் பில்லும் கூலிக் கணக்கும் எழுதிக்கொண்டே பாடம் நடத்த முடியாமல் தவித்த ஆசிரியர்களையும் பார்த்திருக்கிறேன். ஆசிரியரைக் கட்டட மேஸ்திரி ஆக்குவது சரியல்ல என்பதுதான் என் கருத்து. கட்டுவது ஒப்பந்ததாரர் வேலையாக இருக்கட்டும், கண் வைப்பது ஊரின் வேலையாக இருக்கட்டும்.

ஒப்பந்ததாரர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. இதைச் சொல்லாவிட்டால் பதில் முழுமையாகாது. வேலை பாதியில் நின்றுவிட்டால் உடனே "பணத்தைச் சுருட்டிக்கொண்டு ஓடிவிட்டார்" என்று பேசுவார்கள். பல நேரம் உண்மை வேறு. லிண்டல் மட்டம், அதாவது கதவு ஜன்னலின் மேல் மட்டம், வரை முடித்துவிட்டுப் பகுதி பில்லுக்கு அலைந்துகொண்டிருப்பார். நிதி வரவில்லை, கையெழுத்து வரவில்லை. 2022 ஜூலையில் அரசு ஒப்பந்த வேலைகளுக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 18 ஆனபோது, பழைய விகிதத்தில் கணக்குப் போட்டிருந்த சிறு ஒப்பந்ததாரர்கள் அந்த 6 சதவீதத்துக்கு எங்கே போவார்கள்? பில் தாமதமாகும் துறைக்கு நல்ல ஒப்பந்ததாரர்கள் டெண்டர் போட வருவதைக் குறைத்துக்கொள்வார்கள், வட்டிக்குக் கடன் வாங்கியவர் வட்டியைக் கம்பியிலும் சிமெண்ட்டிலும் தேடுவார். அதனால் வேலை நின்றால் முதலில் அலுவலகத்தில் போய், முடித்த வேலைக்குப் பில் எழுதியாயிற்றா, பணம் போயிற்றா என்று கேளுங்கள். போயிருந்தால் ஒப்பந்ததாரரைப் பிடியுங்கள். போகவில்லையென்றால் குழுத் தீர்மானத்தை மாவட்ட ஆட்சியருக்கு அனுப்புங்கள். அதுவரை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தூண் கம்பிகள் மழையில் நனைந்து துருப்பிடிக்காமல் சிமெண்ட் பால் பூசி வைக்கச் சொல்லுங்கள்.

உங்கள் ஒரு கட்டடம் தனி டெண்டரா, பல பள்ளிகளைச் சேர்த்த பேக்கேஜில் ஒன்றா என்றும் விசாரியுங்கள். பக்கத்துப் பக்கத்து ஊரில் நான்கைந்து பள்ளிகளைச் சேர்த்து விட்டால் ஒரே ஆட்களையும் சாமானையும் சுழற்றலாம், நல்ல ஒப்பந்ததாரரும் வருவார். மாவட்டம் முழுக்க ஒருவரிடம் கொடுத்தால் அவர் ஊருக்கு ஒருவருக்கு உள் ஒப்பந்தம் விடுவார். அப்போது கையெழுத்துப் போட்டவர் ஒருவர், கட்டுபவர் இன்னொருவர். கட்டுபவர் பெயர் எந்தக் காகிதத்திலும் இருக்காது.

பள்ளி நடக்கும்போதே வேலை நடக்கப் போகிறது என்றால், முதல் நாளே தடுப்பு வேண்டும். தகரம் கிடைக்காவிட்டால் சவுக்குக் கம்பும் வலையும் கட்டினால்கூடப் போதும். ஜல்லி லாரி காலை மணி அடிக்கும் முன் வரட்டும், அல்லது பிள்ளைகள் வீட்டுக்குப் போன பின் வரட்டும். தோண்டிய குழிகள், குறிப்பாகச் செப்டிக் டேங்க் குழி, ஒரு இரவுகூடத் திறந்து கிடக்கக் கூடாது. மழை பெய்தால் அது குளம். கழிப்பறையும் சுற்றுச்சுவரும் தனிச் சிறு வேலைகளாக வந்தால், வகுப்பறைக்குக் காட்டும் அதே கவனத்தை அவற்றுக்கும் காட்டுங்கள். 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் ஓர் அரசு உதவி பெறும் பள்ளியில் 3 மாணவர்களின் உயிரைப் பறித்தது வகுப்பறைக் கூரை அல்ல, கழிப்பறைச் சுவர். சின்ன வேலை என்று யாரும் எட்டிப் பார்க்காத சுவர்கள்தான் எனக்கு அதிகம் பயம் தருபவை. பழைய கட்டடத்தை இடிக்க வேண்டியிருந்தால், புதியது முடியும் வரை எந்தெந்த வகுப்பு எங்கே உட்காரும் என்பதையும் இடிக்கும் முன்பே எழுத்தில் முடிவு செய்யுங்கள்.

கடைசியாக ஒப்படைப்பு. திறப்பு விழாத் தேதி குறித்துவிட்டால் எல்லோருக்கும் அவசரம் வந்துவிடும். கழிப்பறைக்குத் தண்ணீர் வருகிறதா, மோட்டாருக்குத் தனி இணைப்பு கொடுத்தாயிற்றா, மின்விசிறிக் கொக்கி உறுதியாக இருக்கிறதா, மொட்டை மாடித் தண்ணீர் குழாய்ப் பக்கம் சரிந்து ஓடுகிறதா என்று பார்க்காமல் சாவியை வாங்க வேண்டாம் என்று தலைமை ஆசிரியரிடம் சொல்லுங்கள். மாடியில் பத்துக் குடம் தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் கடைசிக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். கட்டியபடியான வரைபடம், உறுதித்தன்மைச் சான்று, காங்கிரீட் கட்டிகளின் 28 நாள் பரிசோதனை முடிவு ஆகியவற்றின் நகல் பள்ளிப் பீரோவில் இருக்க வேண்டும். இருபது வருடம் கழித்து மாடியில் இன்னொரு தளம் எழுப்பலாமா என்று யாராவது கேட்டால் பதில் அந்த வரைபடத்தில்தான் இருக்கும்.

ஒப்பந்தத்தில் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் என்று ஒன்று எழுதியிருக்கும். அந்தக் காலம் முடியும் வரை ஒப்பந்ததாரரின் பிணைத்தொகை அரசிடம் இருக்கும், ஒழுகினாலும் விரிசல் விட்டாலும் அவர் செலவில் சரிசெய்ய வேண்டும். அந்தத் தேதி எது என்று கேட்டுத் தலைமை ஆசிரியர் அறைச் சுவரில் எழுதி வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் குழுவோடு மாடிக்கும் ஒவ்வொரு அறைக்கும் போய்ப் பாருங்கள். ஈரக்கசிவு எங்கே, விரிசல் எங்கே என்று படம் எடுத்து, பிணைத்தொகையைத் திருப்பிக் கொடுக்கும் முன்பே வட்டார வளர்ச்சி அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள்.